பவளப்பாறை மீன்தொட்டியின் பி.எச் சமநிலை

பவளப்பாறை மீன்தொட்டியின் பி.எச் சமநிலை என்பது, பவளங்கள், சுண்ணப்பாசிகள், கடல்மீன்கள் முதலியன வாழும் கடல்நீர்த் தொட்டியில் நீரின் காரகாடித்தன்மைச் சுட்டெண்ணை (பி.எச்) உரிய வரம்புக்குள், பெரிய ஏற்றத்தாழ்வு இன்றிப் பேணுவதைக் குறிக்கும். இயற்கைக் கடலின் மேற்பரப்பு நீரின் பி.எச் ஏறத்தாழ 8.1 ஆகும். வீட்டுத் தொட்டிகளில் 7.8 முதல் 8.5 வரையிலான வரம்பு ஏற்கத்தக்கதாகக் கொள்ளப்படுகிறது. இந்த எண்ணைத் தீர்மானிப்பவை முதன்மையாக இரண்டு: நீரின் காரத்தன்மை, நீரில் கரைந்துள்ள கார்பனீராக்சைடு. ஆகவே பி.எச் ஒரு விளைவே அன்றிக் காரணம் அன்று. எண்ணை மட்டும் நோக்கி வேதிப்பொருட்களைச் சேர்ப்பது பெரும்பாலும் தொட்டியைக் கெடுக்கிறது.

கடற்கரையில் இருந்து தொலைவில் உள்ள ஊர்களில் கடல்நீர் முழுவதையும் செயற்கையாகவே ஆக்க வேண்டியுள்ளதால், நீரின் மூலம், வெப்பம், வீட்டின் காற்றோட்டம், மின்தடை ஆகியவையும் இச்சமநிலையைப் பாதிக்கின்றன. இவ்வகை ஊருக்கு எடுத்துக்காட்டாகத் திண்டுக்கல் நகரமும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இக்கட்டுரையில் கொள்ளப்பட்டுள்ளன.

பி.எச் என்னும் அளவை

பி.எச் அளவை 1909 ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டின் கோபனேகனில் உள்ள கார்ல்சுபர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த சோரென் சோரென்சென் என்னும் வேதியியலாளர் அறிமுகம் செய்தார். இது நீரில் உள்ள ஐதரசன் அயனிகளின் செறிவை மடக்கை முறையில் குறிக்கிறது. 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ் அமிலத்தன்மையும் மேல் காரத்தன்மையும் மிகும்.

மடக்கை அளவை ஆதலால் எண்ணில் தோன்றும் சிறு வேறுபாடு உண்மையில் சிறியதன்று. பி.எச் 8.3 இலிருந்து 8.0 ஆகக் குறைந்தால் ஐதரசன் அயனிகளின் செறிவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. 8.3 இலிருந்து 7.3 ஆகக் குறைந்தால் அது பத்து மடங்காகிறது.

கடல்நீரின் கார்பனேட்டு வேதியியல்

காற்றில் உள்ள கார்பனீராக்சைடு நீரில் கரையும்போது பின்வரும் சமநிலை உருவாகிறது:

கார்பனீராக்சைடு + நீர் ⇌ கார்பானிக் அமிலம் ⇌ ஐதரசன் அயனி + பைகார்பனேட்டு ⇌ 2 ஐதரசன் அயனி + கார்பனேட்டு

இயல்பான கடல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட்டாகவும், எஞ்சியதில் பெரும்பகுதி கார்பனேட்டாகவும், நூற்றில் ஒரு பங்கு அளவே கரைந்த கார்பனீராக்சைடாகவும் உள்ளது. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சேர்ந்து தாங்கல் கரைசலாகச் செயல்பட்டு, அமிலம் சேரும்போது பி.எச் திடீரென வீழாமல் காக்கின்றன. இந்தத் தாங்கும் திறனின் அளவே காரத்தன்மை எனப்படுகிறது.

பெயரொற்றுமையால் குழப்பம் நேர்வதுண்டு. நீர் காரமாக இருத்தல் (பி.எச் 7க்கு மேல்) வேறு, காரத்தன்மை என்னும் தாங்கும் திறன் வேறு. இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 மில்லிச் சமானம் ஆகும். மீன்தொட்டி வளர்ப்போர் இதைச் செருமன் பாகையில் (டி.கே.எச்) குறிப்பர். 1 மில்லிச் சமானம் 2.8 பாகைக்குச் சமம். எனவே கடல்நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 6.5 பாகை. தொட்டிகளில் 7 முதல் 11 பாகை வரை பேணுவது வழக்கம்.

காரத்தன்மையும் கார்பனீராக்சைடும் பி.எச்சைத் தீர்மானிக்கும் விதத்தை இரு விதிகளாகச் சுருக்கலாம்:

- காரத்தன்மை மாறாதிருக்க, கார்பனீராக்சைடு இரு மடங்கானால் பி.எச் ஏறத்தாழ 0.3 குறையும்.
- கார்பனீராக்சைடு மாறாதிருக்க, காரத்தன்மை இரு மடங்கானால் பி.எச் ஏறத்தாழ 0.3 கூடும்.

பவளங்கள் தம் எலும்புக்கூட்டை அரகோனைட்டு என்னும் கால்சியம் கார்பனேட்டு வடிவத்தால் கட்டுகின்றன. அவ்வாறு கட்டும்போது நீரில் இருந்து கால்சியமும் காரத்தன்மையும் குறிப்பிட்ட விகிதத்தில் குறைகின்றன. காரத்தன்மை 2.8 பாகை குறையும்போது கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் குறையும். ஆகவே வளரும் பவளங்கள் உள்ள தொட்டியில் இவ்விரண்டையும் இதே விகிதத்தில் ஈடு செய்ய வேண்டும்.

நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கம்

தொட்டியின் பி.எச் ஒரே எண்ணில் நிற்பதில்லை. விளக்கு எரியும் நேரத்தில் பாசிகளும், பவளங்களின் திசுவில் வாழும் நுண்பாசிகளும் ஒளிச்சேர்க்கையின் மூலம் கார்பனீராக்சைடை எடுத்துக்கொள்வதால் பி.எச் உயர்கிறது. விளக்கு அணைந்தபின் எல்லா உயிர்களும் சுவாசம் மட்டுமே செய்வதால் கார்பனீராக்சைடு சேர்ந்து பி.எச் குறைகிறது. எனவே விளக்கு அணையும் முன் உச்சமும், விடியலில் விளக்கு எரியும் முன் தாழ்வும் காணப்படும். 0.2 முதல் 0.4 வரையிலான அன்றாட வேறுபாடு பல தொட்டிகளில் காணப்படுவதே. இது தானே ஒரு குறைபாடு ஆகாது.

வரலாறு

பவளங்களை வீட்டுத் தொட்டியில் உயிருடன் வைத்திருப்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அரிதாகவே இருந்தது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளங்களை வளர்த்த தம் முறையை 1961 இல் வெளியிட்டார். 1970களில் பீட்டர் வில்கென்சு, ஆவியான நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சேர்க்கும் முறையைப் பரப்பினார். கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே ஈடு செய்து, பி.எச்சையும் உயர்த்தும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அமெரிக்க வேதியியலாளர் ரேண்டி ஓம்சு-பார்லி எழுதிய கட்டுரைகள், கடைகளில் விற்கும் கலவைகளின் வேதியியலை எளிய வீட்டுப் பொருட்களின் வழி விளக்கின.

உள்நாட்டு நகரில் தொட்டி: திண்டுக்கல்

திண்டுக்கல் கடற்கரையில் இருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சிறுமலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியில் அமைந்துள்ளது.

நீரின் மூலம்

ஊர் வழக்கில் நீர் இரு வகை: குடிக்கும் 'நல்ல தண்ணீர்', புழங்கும் 'உப்புத் தண்ணீர்'. முன்னது ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவற்றின் வழி வரும் குழாய் நீர். பின்னது ஆழ்துளைக் கிணற்று நீர்.

பெயரில் உப்பு இருந்தாலும் உப்புத் தண்ணீர் கடல்நீருக்கு நெருங்கியது அன்று. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு. கடினப்பாறைப் பகுதியின் கிணற்று நீரில் கரைந்திருப்பது அதில் சிறு பங்கே ஆயினும், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட்டு, சல்பேட்டு, நைட்ரேட்டு ஆகியவை வேறு விகிதத்தில் உள்ளன. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த பகுதிகளில் நிலத்தடி நீரில் குளோரைடும் மொத்த உப்பும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்தால் காரத்தன்மையும் கால்சியமும் தொடக்கத்திலேயே கணிப்புக்கு அப்பாற்பட்டவை ஆகின்றன.

எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் (ஆர்.ஓ) தூய்மை செய்து, அயனி மாற்றுப் பிசின் வழிச் செலுத்திய நீரே பயன்படுத்தப்படுகிறது. வீடுகளில் குடிநீருக்குப் பொருத்தும் ஆர்.ஓ பொறிகள் பலவற்றில் சுவைக்காகச் சிறிது மூல நீரைக் கலக்கும் திருகு உண்டு. சிலவற்றில் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் குடுவையும் உண்டு. அவற்றின் நீர் குடிக்க ஏற்றது, தொட்டிக்கு ஏற்றதன்று. கரைந்த திண்மங்களைக் காட்டும் கைக்கருவியில் (டி.டி.எஸ் மானி) சுழியம் அல்லது அதற்கு அண்மையான எண் வர வேண்டும். இப்பொறிகள் கழிக்கும் நீரின் அளவு மிகுதி. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் அதை வாளியில் பிடித்துத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்.

வெப்பமும் ஆவியாதலும்

பவளத் தொட்டிக்கு உகந்த வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு. திண்டுக்கல் சமவெளியில் கோடைப் பகல் வெப்பநிலை 35 பாகைக்கு மேல் செல்வது வழக்கம். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறிகளை வைத்து ஆவியாதலால் குளிர்விப்பது செலவு குறைந்த வழி. ஆனால் நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்குத் தூய நீரையே ஊற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது எனவும், லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீர் ஊற்றப்படுகிறது எனவும் கொள்வோம். நாளொன்றுக்கு 4.5 கிராம், 30 நாளில் 135 கிராம் வேற்று உப்பு தொட்டியில் சேரும். ஒரு மாதத்தில் லிட்டருக்கு 675 மில்லிகிராம் கூடும். உப்பளவில் இது சிறிதாகத் தோன்றினும் அயனிகளின் விகிதம் தொடர்ந்து பிறழும்.

அறையின் காற்று

திறந்தவெளிக் காற்றில் கார்பனீராக்சைடு இன்று பத்து இலட்சத்தில் 420 பங்குக்கு மேல் உள்ளது. பலர் உறங்கும், சன்னல்கள் மூடிய அறையில் இது 1,000 பங்கைத் தாண்டக்கூடும். மேற்கூறிய முதல் விதியின்படி இதனாலேயே பி.எச் 0.3க்கும் மேல் குறையும். குளிர்சாதனம் பொருத்திய அறைகளில் காரத்தன்மை சரியாக இருந்தும் காலை பி.எச் 7.7 அல்லது 7.8 எனக் காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முற்றமும் எதிரெதிர்ச் சன்னல்களும் உள்ள பழைய வீடுகளில் இச்சிக்கல் குறைவு.

மின்தடை

2012 ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே தமிழகத்தின் பல ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அதன்பின் நிலைமை மேம்பட்டாலும், பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்கள் உண்டு. மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும், ஆக்சிசன் குறைந்து கார்பனீராக்சைடு சேரும், பி.எச் வீழும். உயிர்களை முதலில் கொல்வது ஆக்சிசன் குறைவே. ஆகவே விளக்கை விட நீரோட்ட எக்கியையும் காற்று எக்கியையும் இன்வெர்ட்டருடன் இணைப்பது முதன்மையானது. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்று எக்கியும் பயன்படும்.

அளவிடுதல்

- பி.எச்: மின்முனை கொண்ட மானி நிறமாற்றச் சோதனையை விடத் துல்லியமானது. 7.00, 10.00 தாங்கல் கரைசல்களில் அவ்வப்போது அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். மின்முனையை உலரவிடக் கூடாது.
- காரத்தன்மை: தரம்பார்த்தல் முறையிலான சோதனைப் பெட்டி. வாரம் ஒரு முறையேனும் அளக்க வேண்டும்.
- கால்சியம்: லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்.
- மக்னீசியம்: லிட்டருக்கு 1,250 முதல் 1,350 மில்லிகிராம். இது குறைந்தால் கால்சியம் கார்பனேட்டு எளிதில் படிந்துவிடும். காரத்தன்மையை நிலைநிறுத்துவது கடினமாகும்.
- உப்புத்தன்மை: ஆயிரத்தில் 35 பங்கு (25 பாகை செல்சியசில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.026).

அளவீடுகள் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். ஒரு நாள் காலையும் மறுநாள் மாலையும் எடுத்த எண்களை ஒப்பிட்டால் இல்லாத சிக்கல் இருப்பதாகத் தோன்றும்.

காரணத்தைக் கண்டறிதல்

பி.எச் குறைவாகவும் காரத்தன்மை 7 பாகைக்கு மேலும் இருந்தால், மிகுதியான கார்பனீராக்சைடே காரணம். அது எங்கிருந்து வருகிறது என்பதை எளிய சோதனை ஒன்றால் அறியலாம். ஒரு குவளையில் தொட்டி நீரை எடுத்துப் பி.எச்சைக் குறித்துக்கொண்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து ஒரு மணி நேரம் காற்றுக் குமிழிகளைச் செலுத்த வேண்டும். மற்றொரு குவளை நீருக்கு அறைக்குள்ளேயே இவ்வாறு செய்ய வேண்டும்.

- இரண்டிலும் பி.எச் உயர்ந்தால், தொட்டிக்குப் போதிய காற்றூட்டம் இல்லை.
- வெளியில் வைத்த குவளையில் மட்டும் உயர்ந்தால், அறையின் காற்றே காரணம்.
- இரண்டிலும் உயராவிட்டால், காரத்தன்மையை மறுபடி அளக்க வேண்டும். மானியையும் சரிபார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறைகள்

காற்றோட்டம்

சன்னலைத் திறத்தல், நீர்ப்பரப்பைக் கலக்கும்படி எக்கியைத் திருப்புதல், புரத நுரைநீக்கியின் காற்றுக் குழாயை வீட்டுக்கு வெளியே நீட்டுதல் ஆகியவை செலவற்ற முதல் வழிகள். குழாயை வெளியே நீட்டும்போது கொசுமருந்து, வண்ணப்பூச்சு போன்றவற்றின் புகை உட்புகாதவாறு பார்க்க வேண்டும்.

இரவுப் பாசித்தொட்டி

தொட்டிக்குக் கீழுள்ள துணைத்தொட்டியில் பாசிகளை வளர்த்து, முதன்மை விளக்கு அணைந்திருக்கும் இரவில் அவற்றுக்கு ஒளியூட்டினால், இரவில் சேரும் கார்பனீராக்சைடில் ஒரு பகுதியை அவை எடுத்துக்கொள்ளும். இதனால் விடியல் தாழ்வு குறையும்.

சமையல் சோடாவும் சலவைச் சோடாவும்

காரத்தன்மை குறைந்திருந்தால் சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட்டு) போதும். 100 லிட்டர் நீரில் காரத்தன்மையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் தேவை. 200 லிட்டர் தொட்டியில் 6.5 இலிருந்து 8 பாகைக்கு உயர்த்த 9 கிராம் போதுமானது. இது பி.எச்சை உடனே உயர்த்தாது. முதலில் சிறிது குறைப்பதும் உண்டு. அதே அளவு காரத்தன்மைக்குச் சலவைச் சோடா (நீரற்ற சோடியம் கார்பனேட்டு) 100 லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் தேவைப்படும், இது பி.எச்சையும் உயர்த்தும். கடைச் சலவைப் பொடிகளில் வேறு பொருட்கள் கலந்திருக்குமாதலால் தூய வேதிப்பொருளையே பயன்படுத்த வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பாகைக்கு மேல் உயர்த்துவது நல்லதன்று.

சுண்ணாம்புத் தெளிநீர்

நீற்றுச் சுண்ணாம்பைத் (கால்சியம் ஐதராக்சைடு) தூய நீரில் கலக்கித் தெளியவிட்டால் கிடைக்கும் மேல்நீரின் பி.எச் 12க்கு மேல் இருக்கும். இது தொட்டியில் உள்ள கார்பனீராக்சைடுடன் சேர்ந்து பைகார்பனேட்டு ஆகிறது. எனவே ஒரே செயலில் கார்பனீராக்சைடு குறைந்து, கால்சியமும் காரத்தன்மையும் கூடுகின்றன. முன்கூறிய 200 லிட்டர் தொட்டியில் ஆவியாகும் 3 லிட்டருக்கு ஈடாகத் தெவிட்டிய தெளிநீரைச் சேர்த்தால் காரத்தன்மை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 பாகையும், கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராமும் ஈடாகும். தொட்டி அவ்வளவு பயன்படுத்தாவிட்டால் தெளிநீரை அதற்கேற்பக் குறைத்து, எஞ்சிய அளவுக்குத் தூய நீரைச் சேர்க்க வேண்டும்.

இதை ஒரே முறையில் ஊற்றினால் பி.எச் அரை அலகுக்கும் மேல் தாவக்கூடும். மருத்துவமனைச் சொட்டுக்குழாய் போன்ற அமைப்பில், இரவு முழுதும் துளித்துளியாகச் சேர்ப்பதே முறை. வெற்றிலைக்குப் பயன்படும் சுண்ணாம்பில் நிறமும் பிற சேர்க்கைகளும் இருக்கக்கூடுமாதலால் அது ஏற்றதன்று. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

தவறான கருத்துகள்

- 'பவளமணல் பி.எச்சைக் காக்கும்': அரகோனைட்டு மணல் கடல்நீரில் பி.எச் 8 அளவில் கரைவதில்லை. கரையும் அளவுக்குப் பி.எச் வீழ்வதற்குள் பவளங்கள் பாதிக்கப்பட்டுவிடும்.
- 'தூய நீரின் பி.எச்சை முதலில் திருத்த வேண்டும்': ஆர்.ஓ நீரில் தாங்கும் திறன் இல்லாததால் அதன் பி.எச் பொருளற்றது. உப்புக் கலவையைக் கரைத்துக் காற்றூட்டிய பின் அளந்தால் போதும்.
- 'பி.எச் உயர்த்தும் கலவையை எண் வரும்வரை ஊற்றலாம்': கார்பனீராக்சைடு மிகுந்த அறையில் பி.எச் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும்; காரத்தன்மை மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். இறுதியில் கால்சியம் கார்பனேட்டு வெண்பொடியாகப் படிந்து, எக்கிகள் அடைபட்டு, காரத்தன்மையும் கால்சியமும் ஒருங்கே வீழும். நிலையான 7.9, நாள்தோறும் தாவும் 8.4ஐ விட நல்லது.

சட்டநிலை

மன்னார் வளைகுடாவின் பவளங்கள் முருகைக்கல் என்ற பெயரில் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டுக் கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் அனுப்பப்பட்டன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது. அத்தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியது இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது.

பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளங்கள், தீப்பவளங்கள், கடல்விசிறிகள் ஆகியவை 2001 இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றை எடுப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் ஆகும். இறந்த பவளக்கல்லுக்கும் இக்காப்பு பொருந்தும். எனவே இந்தியாவில் கடல்நீர்த் தொட்டி அமைப்போர், செயற்கைப் பாறைகளையும் பொரிப்பகங்களில் பிறந்த மீன்களையும் கொண்டு தொடங்குவதே தக்கது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளன. பவளம் இல்லாத தொட்டியிலும் மீன்களுக்கும் சுண்ணப்பாசிகளுக்கும் இதே பி.எச் வேதியியலே பொருந்தும்.

கடல் அமிலமாதலுடன் தொடர்பு

மூடிய அறையின் தொட்டியில் ஓர் இரவில் நிகழ்வதே உலகக் கடல்களில் மெதுவாக நிகழ்ந்து வருகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் காற்றில் கார்பனீராக்சைடு கூடியதால் கடல் மேற்பரப்பின் சராசரி பி.எச் ஏறத்தாழ 8.2 இலிருந்து 8.1 ஆகக் குறைந்துள்ளது. உமிழ்வு கட்டுப்படாவிட்டால் 2100 ஆம் ஆண்டுக்குள் மேலும் 0.3 முதல் 0.4 வரை குறையலாம் என்று கணிக்கப்படுகிறது. இன்று காற்றோட்டம் குறைந்த தொட்டியில் காலையில் காணும் 7.8 என்ற எண்ணுக்கு அது அண்மையானது. தொட்டியில் சன்னலைத் திறக்கலாம், சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டவிடலாம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பத்தால் வெளிறலுக்கு உள்ளான மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு அத்தகைய வழி இல்லை.

இவற்றையும் பார்க்க

- பவளப்பாறை
- கடல் அமிலமாதல்
- மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
- தாங்கல் கரைசல்
- எதிர்ச் சவ்வூடு பரவல்
- திண்டுக்கல்